'முதல் அனுப்புநர்' விதி: என்க்ரிப்ஷனை உடைக்காமல் வாட்ஸ்அப் செய்தியின் மூலத்தைப் பிடிக்க முடியுமா?

#1 செம்பருத்தி

2021 பிப்ரவரி 25 அன்று மத்திய அரசு அறிவித்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2) என்றொரு விதி இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்கள் உள்ள மெசேஜிங் சேவைகளுக்கு அது பொருந்தும். நீதிமன்றமோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்கீழ் அதிகாரம் பெற்ற அதிகாரியோ ஆணையிட்டால், ஒரு செய்தியை இந்தியாவில் முதன்முதலாக அனுப்பியவர் யார் என்று அந்தச் சேவை அடையாளம் காட்டியாக வேண்டும். "செய்தியில் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை, யார் அனுப்பினார் என்று மட்டும்தான் கேட்கிறோம், அதனால் என்க்ரிப்ஷனுக்குப் பாதிப்பில்லை" என்பது அரசுத் தரப்பு. (என்க்ரிப்ஷன் என்றால் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது.) வாட்ஸ்அப் அதே ஆண்டு மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் வாட்ஸ்அப் இங்கே இருக்காது என்று 2024 ஏப்ரல் விசாரணையில் அதன் வழக்கறிஞர் சொன்னார்.

உள்ளடக்கத்தைத் தொடாமல் அனுப்புநரை மட்டும் பிரித்தெடுக்க ஒரு வழி உண்டா, இல்லையா? கட்சிச் சண்டை வேண்டாம். எந்தப் படியில் எது நடக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 குறிமுறை

சர்வர் கண்ணில் என்ன படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

வாட்ஸ்அப் 2016 ஏப்ரலிலிருந்து எல்லாப் பேச்சுக்கும் சிக்னல் என்ற என்க்ரிப்ஷன் நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. இருவர் பேசத் தொடங்கும்போது இரண்டு போன்களும் கர்வ்25519 என்ற கணித முறையில் பிறக்கும் சாவிகளைக் கொண்டு தங்களுக்குள் ஒரு ரகசியத்தை உருவாக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு 'டபுள் ராட்செட்' முறையில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு புதுச் சாவி பிறக்கும். வேலை முடிந்ததும் அது அழிக்கப்படும். செய்தியை ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறை பூட்டுகிறது. வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு எச்மேக் என்ற, சாவி கொண்டு போடும் சரிபார்ப்பு முத்திரை விழுகிறது.

இதனால் ஒரே வதந்தியைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாக அனுப்பினால், சர்வர் வழியாகப் போவது ஒன்றுக்கொன்று தொடர்பே தெரியாத பத்து பைட் குவியல்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் அதை ஃபார்வர்டு செய்தாலும் அப்படித்தான். 'இதுவும் அதுவும் ஒரே செய்தி' என்று சொல்ல சர்வரிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி வருகிறதே என்று கேட்கலாம். அந்த எண்ணிக்கையும் பூட்டிய செய்திக்குள்ளேயே பயணம் செய்கிறது. போன் படிக்கும், சர்வர் படிக்காது.

ஆகவே மூலத்தைத் தேட வேண்டுமானால், இன்று செய்தியோடு போகாத ஏதோ ஒன்றை இனிமேல் எல்லாச் செய்தியோடும் சேர்த்து அனுப்பியாக வேண்டும். அது அனுப்புநரின் எண்ணாக இருக்கலாம், செய்தியின் ஹேஷாக (செய்தியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை போன்ற குறி) இருக்கலாம், டிஜிட்டல் கையொப்பமாக இருக்கலாம். எதை எடுத்தாலும் குற்றவாளிக்கு மட்டும் சேர்க்க முடியாது. யார் குற்றவாளி என்று செய்தி புறப்படும் நேரத்தில் யாருக்குத் தெரியும்?

#3 ஊர்க்காவல்

இந்தக் கோரிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்ற வதந்தியை நம்பி ஒரு கூட்டம் 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றது. ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடாவில் ஐந்து பேர் அதே மாதிரி கொல்லப்பட்டார்கள். வதந்தி வந்தது வாட்ஸ்அப்பில். அதைத் தொடங்கியவரைப் பிடிக்க வழியே வேண்டாம் என்று எந்த அரசும் சொல்ல முடியாது.

தொழில்நுட்ப வழி இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018ல் வந்த பொதுநல மனு, பிறகு இந்த 'மூலம் தேடும்' கேள்வியாக மாறியது. அதில் 2019 ஜூலையில் சென்னை ஐஐடி பேராசிரியர் வி. காமகோடி ஒரு வழி எழுதிக் கொடுத்தார். முதலில் எழுதியவரின் எண் செய்தியோடு ஒட்டிக்கொண்டே போகும். எத்தனை கை மாறினாலும் மாறாது. அந்த எண் எல்லோர் கண்ணிலும் படக் கூடாதென்றால் அதை வாட்ஸ்அப்பின் சாவியால் பூட்டிவிடலாம். நீதிமன்றம் கேட்டால் மட்டும் திறக்கலாம். 'இதை ஃபார்வர்டு செய்யலாம்' அல்லது 'கூடாது' என்று எழுதியவரே குறிக்கலாம். கூடாது என்று குறித்ததை ஒருவர் பரப்பினால் அவரே மூலம் ஆகிவிடுவார். செய்தியின் உள்ளடக்கம் பூட்டியபடியே இருக்கும். இதில் என்ன குறை?

#4 குறிமுறை

மதிப்புக்குரிய யோசனை, நேர்மையாக எழுதப்பட்டது. குறையையும் அதே அளவு நேர்மையாகச் சொல்ல வேண்டும். மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அடுத்த மாதமே மறுப்பு எழுதினார்.

அந்த எண்ணை எழுதுவது யார்? அனுப்புகிறவரின் போனில் இருக்கும் செயலி. புதிதாக எழுதிய செய்தி என்றால் தன் எண், ஃபார்வர்டு என்றால் பழைய எண். வந்திருப்பது புதிதா, ஃபார்வர்டா என்று சர்வருக்குத் தெரியாது, செய்தி பூட்டியிருக்கிறது. ஆகவே செயலி சொல்வதை அப்படியே நம்பியாக வேண்டும். ஜிபி வாட்ஸ்அப் போன்ற மாற்றிய செயலிகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் நாட்டில், வதந்தி எழுதுகிறவன் 'இது ஃபார்வர்டு, மூலம் இன்னார்' என்று உங்கள் எண்ணையோ என் எண்ணையோ போட்டு அனுப்ப முடியும். பொய்ச் செய்தியோடு பொய்க் குற்றவாளியும் சேர்ந்து கிடைப்பார்.

இதை அடைக்க டிஜிட்டல் கையொப்பம் சேர்க்கலாம். அப்போது போலி எண் போட முடியாது. ஆனால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும், இதை எழுதியவர் நீங்கள்தான் என்பதற்கு அழியாத சான்றைச் சுமந்து போகும். இன்றைய நெறிமுறையில் முத்திரைச் சாவி இருவர் கையிலும் இருக்கிறது. பெறுபவருக்கு அது நம்பிக்கை தரும்; மூன்றாம் ஆளிடம் அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள். செய்தியாளரிடம் தகவல் சொல்லும் அலுவலக ஊழியருக்கு அந்தத் தன்மைதான் பாதுகாப்பு. கையொப்பம் வந்தால் அது போய்விடும்.

கையொப்பம் இருந்தாலும் காப்பி-பேஸ்ட் செய்தவர், டெலிகிராமில் பார்த்த காணொளியைப் பதிவிறக்கி வாட்ஸ்அப்பில் ஏற்றியவர், இவர்கள்தான் 'முதல் அனுப்புநர்' ஆவார்கள். வெளிநாட்டில் பிறந்த செய்தி என்றால் அதை இங்கே முதலில் அனுப்பியவரையே மூலமாகக் கருத வேண்டும் என்று விதியே சொல்கிறது.

#5 இளமாறன்

எண்ணை ஒட்டுவது சிக்கல் என்றால் ஹேஷ்? செய்தியின் ஹேஷை மட்டும் சர்வர் சேமித்தால் போதும் என்று 2021ல் அரசுத் தரப்பிலிருந்து யோசனை வந்ததே. ஹேஷிலிருந்து செய்தியைத் திரும்ப எடுக்க முடியாதே?

#6 பைட்நாதன்

தலைகீழாக எடுக்க முடியாதுதான். ஆனால் ஊகித்துச் சரிபார்க்க முடியும். அதுதான் இங்கே முழு விஷயமும்.

ஷா-256 என்ற ஹேஷ் முறை எந்தச் செய்தியைக் கொடுத்தாலும் 32 பைட் தரும். ஒரே செய்திக்கு எப்போதும் ஒரே விடை. இப்போது சர்வரில் ஒரு பதிவேடு இருக்கிறது: ஹேஷ், அனுப்பியவர் எண், நேரம். ஆறு இலக்க ஓடிபியை யாராவது அனுப்பியிருந்தால் சாத்தியங்கள் மொத்தம் 10 லட்சம். எந்த மடிக்கணினியும் நொடியில் எல்லாவற்றையும் ஹேஷ் செய்து பொருத்திவிடும். இந்தியக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரை தொடங்குபவை, ஆகவே 400 கோடி சாத்தியங்கள். இந்த வேலைக்கு அதுவும் சின்ன எண். 'நாளை காலை 10 மணிக்கு கலெக்டர் ஆபீஸ் முன்னாடி கூடலாம்' என்ற வரியை யார் யார் அனுப்பினார்கள் என்று தெரிய வேண்டுமா? வரியைத் தட்டச்சு செய்து ஹேஷ் எடுத்து, பதிவேட்டில் தேடினால் முதல் ஆள் மட்டுமா, அனுப்பிய அத்தனை பேரும் பட்டியலாக வருவார்கள். உள்ளடக்கத்தைக் கேட்காமலே உள்ளடக்கம் தெரிந்துவிட்டது.

ஊகத்தைத் தடுக்க ஹேஷோடு ஒரு தற்செயல் எண்ணைச் சேர்க்கலாம். அப்போது ஒரே செய்தி இருவரிடமிருந்து வந்தால் இரண்டு ஹேஷும் வேறு வேறு. பொருத்தவே முடியாது, தேடலும் செத்தது. பொருந்த வேண்டும் என்றால் ஊகிக்கவும் முடியும். இந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை.

அடுத்தது தப்பிக்கிற வழி. ஒரு முற்றுப்புள்ளி, ஒரு இடைவெளி, ஒரு எமோஜி கூட்டினால் ஹேஷ் முழுதாக மாறும். தமிழில் இன்னும் எளிது. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலும் சேர்த்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் ஒரே எழுத்து, பைட்டில் வேறு, ஹேஷும் வேறு. இதையாவது நார்மலைசேஷன் செய்து, அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவக் குறியீட்டுக்கு மாற்றி, ஒன்றாக்கிவிடலாம். 'ஸ்ரீ'யை இரண்டு வேறு மெய்களைக் கொண்டு எழுத முடியும், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதை நார்மலைசேஷனும் பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத பூஜ்ஜிய அகல எழுத்துகள் தனிக் கதை. படம் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலே போதும், பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் சம்பந்தமில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சேமிக்க இடம் போதாது என்ற வாதம் நிற்காது. வாட்ஸ்அப்பில் ஒரு நாளைக்கு 10,000 கோடி செய்திகள் போவதாக 2020ல் அந்த நிறுவனமே சொன்னது. ஒன்றுக்கு 32 பைட் என்றால் ஒரு நாளைக்கு 3.2 டெராபைட். அவர்கள் அளவுக்கு அது ஒன்றுமே இல்லை. எதிர்க்க வேண்டியது அந்தப் பதிவேடு இருப்பதையே.

#7 வழக்குரை

சட்டப் பக்கம். விதி 4(2) ஐ முழுமையாகப் படித்தால் சில காப்புகள் தெரியும். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு, பாலியல் வன்கொடுமை, குழந்தைகள் மீதான பாலியல் துன்புறுத்தல் பதிவுகள் போன்றவை தொடர்பான குற்றங்களுக்கு மட்டுமே ஆணை. ஊடுருவல் குறைந்த வேறு வழி பயன் தரும் என்றால் ஆணை கூடாது. செய்தியின் உள்ளடக்கத்தைத் தர வேண்டியதில்லை.

இந்தக் காப்புகள் எல்லாம் ஆணை பிறப்பிக்கும் நேரத்துக்கு உரியவை. குறிமுறையும் பைட்நாதனும் சொன்ன எண் ஒட்டுதலோ ஹேஷ் பதிவோ நடப்பது அதற்கு வெகு முன்னால், எல்லோர் செய்திக்கும். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தபோது, அதில் அரசு தலையிடச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு ஏற்ற அளவு வேண்டும் என்றார்கள். சந்தேகமே இல்லாத கோடிக்கணக்கானவர்களின் செய்திகளுக்கு முன்கூட்டியே குறி வைப்பது அந்த மூன்றாவது சோதனையில் எப்படித் தேறும் என்று எனக்குப் புரியவில்லை.

ஆணையிடுவது யார் என்பதும் முக்கியம். 69ஆம் பிரிவின் 2009 விதிகளின்படி அதிகாரம் மத்தியிலும் மாநிலத்திலும் உள்துறைச் செயலாளரிடம். நீதிபதி கிடையாது. மறுஆய்வுக் குழுவிலும் செயலாளர்கள்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு மத்திய அரசு மட்டுமே மாதம் 7,500 முதல் 9,000 ஆணைகள் பிறப்பிப்பதாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் வெளிவந்தது. அப்படியானால் ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 ஆணைகளை அந்தக் குழு பரிசீலிக்க வேண்டும், இது நடக்கிற காரியம் இல்லை என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 அறிக்கையே எழுதியது. கண்காணிப்பை மேற்பார்க்கும் அமைப்பு இந்த நிலையில் இருக்கும்போது புதிய அதிகாரம் ஒன்றைக் கையில் கொடுக்கச் சொல்கிறார்கள்.

#8 ஊர்க்காவல்

பதிவேடு ஆபத்து என்ற வாதத்தை ஏற்கிறேன். 69ஆம் பிரிவில் நீதிபதியின் முன் அனுமதி வர வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மாற்று என்ன? வதந்தி பரவிய மறுநாள் காலை ஒரு ஆய்வாளர் மேசையில் என்ன செய்வார்? அதைச் சொல்லாமல் 'முடியாது' என்று மட்டும் சொன்னால் போளூரில் செத்தவருக்கு பதில் இல்லை.

#9 தடயம்

அண்ணே, செய்ய நிறைய இருக்கு. இந்த வேலை தெரிஞ்சவங்க செய்யற வரிசையைச் சொல்றேன்.

செய்தி கிடைச்ச போன்ல இருந்து பின்னோக்கிப் போகணும். போனைக் கைப்பற்றும்போது ஆன்ல இருந்தா அணைக்கவே கூடாது. ஒருமுறை பாஸ்கோடு போட்டுத் திறந்த போன்ல பல சாவிகள் மெமரில இருக்கும். அணைச்சு ஆன் பண்ணினா அது போயிடும், அப்புறம் தடயவியல் கருவிக்கும் எடுக்கறது கஷ்டம். ஏர்ப்ளேன் மோடு போட்டு, வைஃபையும் புளூடூத்தும் தனியா அணைஞ்சிருக்கான்னு பார்த்து, சிக்னல் புகாத ஃபாரடே பைல வைக்கணும், சார்ஜரோட. இல்லைன்னா தூரத்துல இருந்து அழிச்சிடுவாங்க. சோதனையையும் கைப்பற்றலையும் பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105படி வீடியோ எடுத்து, மகஜர்ல போனோட அடையாள எண்ணான ஐஎம்இஐயோட எழுதணும்.

ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் தினமும் ராத்திரி 2 மணிக்கு போனுக்குள்ளயே ஒரு பேக்கப் எழுதும், கடைசி ஏழு நாள் கோப்பு இருக்கும். ஆள் செய்தியை அழிச்சிருந்தாலும் நேத்து கோப்புல இருக்க வாய்ப்பு உண்டு. அதுல யார்கிட்ட இருந்து வந்துது, எத்தனை மணிக்கு, ஃபார்வர்டு குறி இருக்கா எல்லாம் தெரியும். அந்த அனுப்புநர்தான் சங்கிலில அடுத்த கண்ணி. பரவின குரூப்ல எவனோ ஒருத்தன் அழிக்காம வச்சிருப்பான், அதனால கண்ணி அவ்வளவு சுலபமா அறுந்துபோகாது.

இன்னொரு பக்கம் நிறுவனத்துக்கு ஆணை. செய்தி கிடைக்காது. பதிவு விவரம், ஐபி முகவரி கிடைக்கும். இங்கதான் பெரிய தப்பு நடக்கும். மொபைல் நெட்வொர்க்ல ஒரு பொது ஐபியை ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான பேர் பகிர்ந்துக்கறாங்க. ஐபி மட்டும் குடுத்து 'இது யார்'னு கேட்டா டெலிகாம் கம்பெனி ஒரு பெரிய பட்டியலைத்தான் தரும். போர்ட் எண்ணும் நொடி வரைக்கும் நேரமும் வேணும். நேரம் யுடிசில (உலகப் பொது நேரம்) வரும், நம்ம நேரம் 5 மணி 30 நிமிஷம் முன்னால. அதைக் கூட்டாம கேட்டா சம்பந்தமே இல்லாத ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க.

கோர்ட்டுக்குப் போகும்போது சாட்சிய அதினியம் 63(4) சான்றிதழ், ஏ பகுதி, பி பகுதி ரெண்டும், கோப்போட ஹேஷ் மதிப்போட. அது இல்லாம ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துக் குடுத்தா எதிர்த்தரப்பு வக்கீல் அஞ்சு நிமிஷத்துல தள்ளிடுவார். 'முதல் அனுப்புநர்' எண் கைல கிடைச்சாலும் இந்த வேலை அத்தனையும் செய்துதான் ஆகணும். எண் சொல்றது சிம் கார்டை, விரல் வச்சு அடிச்ச ஆளை இல்ல.

#10 குறிமுறை

தடயம் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். ஊர்க்காவல் கேட்கும் 'மாற்று' குறியாக்கக் கணிதத்திலும் உண்டு. 2016ல் ஃபேஸ்புக் மெசஞ்சரின் ரகசியப் பேச்சுகளில் வந்த 'மெசேஜ் ஃப்ராங்கிங்'. அனுப்பும் போன் ஒரு தற்செயல் எண்ணை எடுத்து, அதைச் சாவியாக்கி, செய்திக்கு எச்மேக் போடுகிறது. அந்த எச்மேக் மட்டும் பூட்டின உறைக்கு வெளியே போகிறது. தற்செயல் எண் உள்ளே போகிறது. சர்வர் வெளியே இருப்பதோடு அனுப்புநர், பெறுநர், நேரம் சேர்த்துத் தன் சாவியால் முத்திரை வைக்கிறது. பெறுபவர் புகார் செய்தால் செய்தியும் தற்செயல் எண்ணும் முத்திரையும் சேர்ந்து சர்வருக்குப் போகும். மூன்றும் பொருந்தினால் இதை அனுப்பியவர் இவர்தான் என்பது நிறுவனத்துக்கு உறுதி. புகார் வராத செய்தியைப் பற்றி சர்வருக்கு ஒன்றும் தெரியாது. பைட்நாதன் சொன்ன ஊகத் தாக்குதலும் இங்கே செல்லாது, தற்செயல் எண் வெளியே இல்லையே.

இது ஒரு கண்ணியை மட்டும்தான் நிரூபிக்கும், முதல் ஆள் வரை தானாகப் போகாது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மனிதர் முன்வந்து காட்ட வேண்டும். எனக்கு அதுதான் இதன் நல்ல பக்கம்.

#11 அலைவரிசை

நீதிமன்றம் கேட்டால் மட்டும் திறக்கும் சாவி என்ற யோசனை பற்றி உலகம் ஏற்கெனவே கண்ட சில அனுபவங்கள்.

1993ல் அமெரிக்க அரசு கொண்டுவந்த கிளிப்பர் சிப்பில், அரசு திறப்பதற்கான சாவி விவரம் ஒவ்வொரு பேச்சோடும் ஒரு தனிப் புலமாகப் போனது. அதைச் சரிபார்க்க இருந்தது 16 பிட் சரிபார்ப்பு எண். மொத்தம் 65,536 சாத்தியங்கள். 1994ல் மேட் பிளேஸ், பொருந்துகிற பொய்ப் புலத்தைத் தேடிப் போட்டு, அரசால் திறக்க முடியாதபடி அதே சிப்பைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். செய்தியோடு ஒட்டிய எண்ணைப் பொய்யாக்கலாம் என்று குறிமுறை சொன்னதன் முன்னோடி இது.

2004-05ல் கிரேக்கத்தில் வோடஃபோன் சுவிட்சுகளின் சட்டபூர்வ ஒட்டுக்கேட்பு வசதியை யாரோ ரகசியமாக இயக்கி, பிரதமர் உட்பட 100 பேருக்கு மேல் ஒட்டுக்கேட்டார்கள். அந்த வசதியை வோடஃபோன் வாங்கிப் பயன்படுத்தவே இல்லை. மென்பொருளில் சும்மா கிடந்தது. 2024ல் 'சால்ட் டைஃபூன்' குழு அமெரிக்க டெலிகாம் நிறுவனங்களுக்குள் நுழைந்தபோது, நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்க வைத்திருந்த அமைப்புகளையும் தொட்டது. அந்த டிசம்பரில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமையே, குறிவைக்கப்படக் கூடிய அதிகாரிகளை முழு என்க்ரிப்ஷன் உள்ள செயலிகளுக்கு மாறச் சொன்னது.

#12 செம்பருத்தி

கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. பேக்கப் பற்றி தடயம் போனுக்குள் இருப்பதைச் சொன்னார். கூகுள் டிரைவ், ஐகிளவுடுக்குப் போகிறதே, அது?

#13 பைட்நாதன்

அது பலரும் கவனிக்காத ஓட்டை. வழியில் செய்தி பூட்டியிருக்கும். நீங்களாக மாற்றாவிட்டால் கிளவுடில் இருக்கும் பேக்கப் அந்தப் பூட்டின் கீழ் வராது. 2021 அக்டோபரிலிருந்து வாட்ஸ்அப்பில் இதற்கு வசதி இருக்கிறது. அமைப்புகள், சாட்கள், சாட் பேக்கப் வழியாகப் போனால் என்க்ரிப்ட் செய்த பேக்கப் என்ற தேர்வு வரும். கடவுச்சொல் வைக்கலாம், அல்லது 64 இலக்கச் சாவியை எழுதி வைக்கலாம். சாவியைத் தொலைத்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது. ஆகவே காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அதே போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைக்காதீர்கள்.

இதோடு 'இணைத்த சாதனங்கள்' பட்டியலைத் திறந்து, தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். முக்கியமான ஆளோடு பேசும்போது அவர் தொடர்பு விவரத்தில் இருக்கும் 60 இலக்கக் குறியை இருவரும் நேரில் ஒப்பிடுங்கள். அதே வாட்ஸ்அப் வழியாக அனுப்பி ஒப்பிடுவதில் பயனில்லை. போன் மாற்றினாலோ செயலியை அழித்து நிறுவினாலோ அந்தக் குறி மாறும். மாறியதாக அறிவிப்பு வந்தால் அழைத்துக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

எதிர்முனையில் இருப்பவர் தன் பேக்கப்பைப் பூட்டவில்லை என்றால் உங்கள் செய்தியும் அங்கே திறந்தபடிதான் கிடக்கும். அவரையும் இதே அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். குரூப் என்றால் அத்தனை பேரையும்.